தம்பியின் புரோலாக்டின்

மார்ச் 4, செவ்வாய்

இன்று எலிகளுக்கும் எனக்கும் ஒத்துவரவில்லை. ஒன்று கடித்தேவிட்டது, கையுறையைத் தாண்டிக் கட்டைவிரலில். குட்டி போட்ட எலிக்குக் கோபம் வருவது நியாயம்தான். குட்டியைப் பிரித்தால் யாருக்குத்தான் வராது? ஆனால் குட்டி பால் குடிப்பதை நிறுத்தியதும் தாயின் ரத்தத்தில் பால் சுரக்கவைக்கும் ஹார்மோனான புரோலாக்டின் எப்படி இறங்குகிறது என்று பார்க்க எனக்கு வேறு வழி இல்லை.

அம்மா விரலைப் பார்த்துவிட்டு, "இத்தன வருஷமா அந்த எலிங்களோடயே குடித்தனம் பண்ற. ஒண்ணாவது உனக்கு மரியாதை குடுக்குதா பாரு" என்றாள். சிரித்துவிட்டேன்.

அம்மாவுக்கு என் வேலையை ஒரே ஒரு முறை விளக்கியிருக்கிறேன். மூளைக்கு அடியில், ஒரு காம்பின் நுனியில், பட்டாணி அளவில் பிட்யூட்டரி தொங்குகிறது. அதன் மற்ற ஹார்மோன்களுக்கெல்லாம் 'சுரக்கலாம்' என்று மேலிருந்து உத்தரவு வரவேண்டும். புரோலாக்டின் மட்டும் தலைகீழ். அதற்கு மேலிருந்து வருவது 'சும்மா இரு' என்கிற உத்தரவு. டோபமைன் என்கிற ரசாயனம் காம்பு வழியாக இறங்கி வந்து அதை அடக்கிக்கொண்டே இருக்கிறது. காம்பு நசுங்கினால் அடக்க ஆள் இல்லை, புரோலாக்டின் கொஞ்சம் ஏறும். அந்தக் 'கொஞ்சம்' எவ்வளவு என்று சொல்வதுதான் என் பிழைப்பு. என் பெயரில் வந்த கட்டுரைகளில் பாதி அந்தக் காம்பைப் பற்றியவை.

எல்லாம் கேட்டுவிட்டு அம்மா சொன்னது: "நம்ம வீட்டுல உன்னை அடக்கத்தான் ஆள் இல்லாம போச்சு."

மார்ச் 9, ஞாயிறு

தம்பியும் ஊசியும் சாப்பிட வந்தார்கள். ஊசி என்பது பெண்டாட்டிக்கு அவன் வைத்த பெயர். தையல்காரி. உடம்பும் ஊசி, பேச்சும் ஊசி. அவளுக்கே அந்தப் பெயர் பிடிக்கும்.

உள்ளே வரும்போதே கதவு நிலையில் தோளை இடித்துக்கொண்டான். "என்னடா, காலைலயே ஊத்திக்கிட்டியா?" என்றேன். "டீதான்க்கா" என்றான். உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் பக்கத்தில் இருந்த தண்ணீர் டம்ளரைத் தட்டிவிட்டான். டம்ளர் இருந்ததே தெரியாதவன் போல விழித்தான்.

அவன் நகரப் பேருந்து ஓட்டுகிறவன். இத்தனை வருடத்தில் ஒரு கீறல் இல்லை என்று பீற்றிக்கொள்வான். போன வாரம் நிறுத்தத்தில் சும்மா நின்ற வேனை உரசியிருக்கிறான். "திடீர்னு முளைச்ச மாதிரி வந்துச்சுக்கா. ரெண்டு சைடு மிரரையும் கழட்டிட்டு ஓட்டற மாதிரி இருக்கு" என்று சிரித்தான். ஊசி சிரிக்கவில்லை. "தினம் தலைவலி மாத்திரை முழுங்கறாரு அண்ணி. கேட்டா, வெயில்ங்கறாரு" என்றாள்.

அம்மா அதைக் காதில் வாங்காமல் தன் பழைய பாட்டை எடுத்தாள். "ஆறு வருஷம் ஆச்சு. எதிர்வீட்டுல ரெண்டாவதும் பொறந்தாச்சு. ஒரு டாக்டரப் பாக்கறதுல என்ன கௌரவக் குறைச்சல்?"

"பாத்தாச்சு அத்தை. எனக்கு ஒண்ணும் இல்லையாம். உங்க பிள்ளைய வரச் சொன்னாங்க. அவர்தான் வரல."

"ஆம்பளைக்கு என்னவாம்?"

தட்டுகளை எடுத்து வைத்தபின் தம்பியை நாற்காலியில் உட்காரவைத்து, என் மூக்கையே பார்க்கச் சொல்லிவிட்டு இரு கைகளையும் பக்கவாட்டில் விரித்து விரல்களை ஆட்டினேன். "எந்த விரல் ஆடுதுன்னு சொல்லு." "ஆட்டுக்கா, சொல்றேன்" என்றான். நான் ஆட்டிக்கொண்டுதான் இருந்தேன். இரண்டு பக்கமும்.

இரண்டு கண்ணிலும் வெளிப்பக்கம் இல்லை. பார்வை நரம்புகள் குறுக்கே போகும் இடத்தைக் கீழிருந்து ஏதோ முட்டுகிறது. அந்த இடத்தில் கீழே என்ன இருக்கிறது என்று உலகத்தில் வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் எனக்குத் தெரியும்.

மார்ச் 10, திங்கள்

வண்டி எடுக்காதே என்று சொல்லிவிட்டேன். முதலில் கத்தினான். பிறகு, "எப்போ மறுபடி எடுக்கலாம்?" என்றான். தெரிந்தவள் மாதிரி, "சீக்கிரம்" என்றேன்.

மார்ச் 13, வியாழன்

ஸ்கேன் வந்தது. சின்ன எலுமிச்சை அளவுக்குக் கட்டி. பட்டாணி இருக்கவேண்டிய இடத்தில். இந்த ஆளால் எப்படி இத்தனை நாள் வண்டி ஓட்ட முடிந்தது?

சர்ஜன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். நல்ல கை, பேச்சு குறைவு. "ரெண்டு வழிதான். கட்டியே புரோலாக்டின் சுரக்குதுன்னா கத்தி வேண்டாம். வாரம் ரெண்டு மாத்திரை, தானா சுருங்கிடும். சுரக்காத கட்டின்னா ஆபரேஷன், அதுவும் உடனே. கண்ணு இன்னும் ரொம்ப நாள் தாங்காது. ரத்தத்துல எண் என்னன்னு பாக்கணும். எங்க லேப்ல மெஷின் ரிப்பேரு, வெளிய அனுப்பினா ஒரு வாரம் ஆகும்."

"நானே பாத்துடறேன்" என்றேன்.

"உங்கள விட யாரு இருக்கா" என்றார். அப்போது எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது!

மார்ச் 14, வெள்ளி

தம்பியின் ரத்தத்தை நானே எடுத்தேன். ஊசியைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டான். "வீட்ல ஒரு ஊசி போதாதா?"

என் ஆய்வகத்தில் நானே கட்டிய முறை. இரண்டு ஆன்டிபாடி. ஒன்று புரோலாக்டினைப் பிடித்து நிறுத்தும், இன்னொன்று அதன் மறுபக்கம் ஒட்டிக்கொண்டு ஒளிரும். எவ்வளவு ஒளியோ அவ்வளவு ஹார்மோன். மதியத்துக்குள் எண் வந்துவிட்டது.

தொண்ணூற்றிரண்டு.

கட்டியே சுரப்பதாக இருந்தால் இந்த அளவுக் கட்டிக்கு ஆயிரக்கணக்கில் வரவேண்டும். தொண்ணூற்றிரண்டு என்பது காம்பு நசுங்கியதால் வரும் எண். எழுதி வைத்த மாதிரி என் எண். சுரக்காத கட்டி, காம்பின் மேல் உட்கார்ந்திருக்கிறது. சந்தேகமே இல்லை.

பெரிய கட்டி என்றால் அதே ரத்தத்தில் ஒரு துளியை நூறு மடங்கு நீர்க்கவைத்து இன்னொரு முறை பார்ப்பது எங்கள் வழக்கம். ஆன்டிபாடி பூசிய தட்டு தீர்ந்துவிட்டது. புதியது தயாராகத் திங்கள் ஆகிவிடும். எண்ணும் கணக்கோடு அச்சாகப் பொருந்துகிறது. எதற்கு?

கேட்கவேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. ஆண்களுக்குப் புரோலாக்டின் எக்கச்சக்கமாக ஏறினால் விந்து குறையும், பெண்டாட்டி பக்கமே போகத் தோன்றாது. அதை ஒரு அக்கா தம்பியிடம் எந்த வாயால் கேட்பது? விட்டுவிட்டேன்.

சர்ஜனுக்குப் போன் பண்ணினேன். "அப்ப வியாழக்கிழமை வெச்சிருவோம்" என்றார்.

மார்ச் 16, ஞாயிறு

மூக்கு வழியாகப் போய் எடுப்பார்கள், மண்டையைத் திறக்கமாட்டார்கள் என்று எல்லாருக்கும் விளக்கினேன். அம்மா அழுதுகொண்டே கேட்டாள். தம்பி, "மூக்க நுழைக்காதன்னு எனக்குத்தான் சொல்வீங்க. இப்ப எல்லாரும் என் மூக்குல நுழையறீங்க" என்றான்.

ஊசி மட்டும் ஒன்று கேட்டாள். "மாத்திரைல போகாதா அண்ணி? சர்ஜன் ஏதோ மாத்திரைன்னு சொன்னாராமே."

"இவனுக்கு அது போகாது. அளந்து பாத்தாச்சு."

"நீங்க பாத்தீங்களா?"

"நானேதான் பாத்தேன்."

"அப்ப சரி அண்ணி" என்றாள்.

மார்ச் 20, வியாழன்

உள்ளே கொண்டுபோனார்கள். அம்மா, ஊசி, நான், மூன்று பிளாஸ்டிக் நாற்காலி. அம்மாவும் ஊசியும் முதல் முறையாகச் சண்டை போடாமல் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். சர்ஜன் வெளியே வந்தபோது அவர் முகத்தில் களைப்பைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. "கெட்டியா இருந்துச்சு. முழுசா எடுக்க முடியல. முடிஞ்ச வரைக்கும் எடுத்தாச்சு."

மார்ச் 21, வெள்ளி

கண் விழித்தான். தாகம், தாகம் என்கிறான். குடம் குடமாகக் குடிக்கிறான், குடம் குடமாகப் போகிறது. சுரப்பியின் பின்பாதி அடி வாங்கியிருக்கிறது. நீரைப் பிடித்துவைக்கும் ஹார்மோன் வரவில்லை. அதற்கு மருந்து இருக்கிறது, சரியாகிவிடும் என்று ஊசிக்குச் சொன்னேன்.

மாலை அவனே சொன்னான்: "அக்கா, எடது கண்ணுல கட்டு போட்டிருக்காங்களா?"

கட்டு இல்லை.

மார்ச் 22, சனி

மீதமிருந்த கட்டிக்குள் ரத்தக்கசிவு. மறுபடியும் உள்ளே கொண்டுபோனார்கள். எனக்கு எதுவும் எழுத வரவில்லை.

மார்ச் 26, புதன்

இடது கண் போய்விட்டது. அவ்வளவுதான். எத்தனை விதமாகச் சொன்னாலும் அதுதான். வலது கண் தப்பியது, போயிருந்த வெளிப்பக்கமும் ஓரளவு திரும்பியிருக்கிறது. யார் வந்தாலும் அவனுக்கு வலது பக்கம் நிற்கவேண்டும், இல்லாவிட்டால் வந்ததே தெரியாது.

இனி பேருந்து இல்லை. அதை யாரும் அவனிடம் சொல்லவில்லை. அவனும் கேட்கவில்லை.

ஏப்ரல் 2, புதன்

நோய்க்கூறு பிரிவில் இருப்பவள் என் பழைய தோழி. கட்டியிலிருந்து எடுத்த சதையைச் சாயம் ஏற்றிப் பார்ப்பது அவள் வேலை. காலையில் கூப்பிட்டாள். குரல் சரியில்லை.

"உன் தம்பியோட ஸ்லைடு. நீ வந்து பாரேன்."

"சொல்லுடி."

"புரோலாக்டின் சாயம் போட்டேன். மொத்தமும் பழுப்பு. ஒரு செல் விடாம."

நான் போய்ப் பார்த்தேன். அவள் நாற்காலியை எனக்கு விட்டுக்கொடுத்து எழுந்து நின்றாள். கண்ணாடித் தகடு முழுக்கப் பழுப்பு. அந்தக் கட்டி சுரந்துகொண்டுதான் இருந்திருக்கிறது. புரோலாக்டினைத் தவிர வேறெதையும் அது செய்யவில்லை.

"அப்ப தொண்ணூத்திரெண்டு எப்படி வந்துச்சு?" என்று அவள் கேட்டாள். என்னிடமா கேட்டாள், அவளுக்கே சொல்லிக்கொண்டாளா, தெரியவில்லை. எப்படி வந்தது என்று அவள் கேட்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

ஏப்ரல் 3, வியாழன்

மார்ச் மாதத்து ரத்தம் குளிர்பெட்டியில் மிச்சம் இருந்தது. ஒரு துளி எடுத்தேன், நூறு மடங்கு நீர்க்கவைத்தேன், தட்டில் விட்டேன். அளவு தப்ப விட்டுத் தட்டில் இரண்டு குழிகளை வீணாக்கினேன்.

பதினெட்டாயிரத்துக்கு மேல்.

ஹார்மோன் அளவு மீறி இருந்தால் இரண்டு ஆன்டிபாடியும் ஆளுக்கு ஒன்றைப் பிடித்துக்கொள்ளும். ஒரே மூலக்கூறில் இரண்டும் சேராது. சேராவிட்டால் ஒளி இல்லை. ஒளி இல்லாவிட்டால் குறைவு என்று காட்டும். மிக அதிகமாக இருந்தால் மிகக் குறைவாகத் தெரியும். இதை நான் வகுப்பில் பாடமாக எடுத்திருக்கிறேன். பலகையில் படம் போட்டு. வருஷா வருஷம்.

அறிவுகெட்டவளே. திங்கள் வரைக்கும் பொறுத்திருக்கக் கூடாதா? தட்டு இல்லையாம். தட்டு! அந்த எண் உனக்குப் பிடிச்சிருந்துச்சு, அதான. உன் காம்பு, உன் கட்டுரை, உன் பேரு. வேற யார் ரத்தமா இருந்தாலும் ரெண்டாவது தடவ பாத்திருப்ப. அவன் ரத்தத்துலதான் உனக்கு அவசரம் — உன் தம்பின்னுதான் அவசரமே. கடவுளே.

வாரத்துக்கு இரண்டு மாத்திரை போதுமாக இருந்தது.

ஏப்ரல் 4, வெள்ளி

வேலைக்குப் போகவில்லை. அம்மாவிடம் காய்ச்சல் என்று பொய்.

ஏப்ரல் 6, ஞாயிறு

வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பார்க்க வந்தவர்களிடமெல்லாம் சொல்கிறான்: "எங்க அக்கா கையத் தூக்கி வெரல ஆட்டினதாலதான் கண்டுபிடிச்சது. அவ இல்லைன்னா மொத்தமா போயிருப்பேன்." டிப்போவிலிருந்து வந்த ஓட்டுநர்கள் என்னைக் கும்பிட்டார்கள். ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

ஏப்ரல் 8, செவ்வாய்

சர்ஜனிடம் சொன்னேன். நெடுநேரம் மேசையில் இருந்த பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். "நானும் கேட்டிருக்கணும், நீர்க்கவெச்சுப் பாத்தீங்களான்னு. நீங்கன்னதால கேக்கல" என்றார். பிறகு, "மீதி இருக்கறதுக்கு மாத்திரை ஆரம்பிச்சுடலாம். மிச்சத்துக்கு மாத்திரைன்னு சொன்னா போதும். யாரும் எதுவும் கேக்கப் போறதில்ல" என்றார்.

தோழியும் அதையேதான் சொல்கிறாள். "சொல்லி என்ன ஆகப்போகுது? போன கண்ணு திரும்பி வருமா? உன் மனசு லேசாகணும்னு அவன் தலைல கல்லத் தூக்கி வெக்காத."

இருவரும் நல்லவர்கள். அதுதான் தொல்லை. கெட்டவர்கள் சொல்லியிருந்தால் சுலபமாகத் தள்ளியிருப்பேன்.

ஏப்ரல் 10, வியாழன்

முதல் மாத்திரை. நானே வாங்கிக் கொடுத்தேன். "இது எதுக்குக்கா?" "மிச்சம் இருக்கறதுக்குடா." முழுங்கிவிட்டு, "கசக்கவே இல்லையே" என்றான்.

ஏப்ரல் 11, வெள்ளி

சொல்லாமல் இருந்துவிடலாமா? நிஜமாகவே கேட்டுக்கொள்கிறேன். யாருக்கு நஷ்டம்? அவனுக்கு ஒரு அக்கா மிஞ்சுவாள். எனக்கு ஒரு தம்பி.

ஆனால் அம்மா இன்று ஊசியிடம், "வந்த நேரம் சரியில்ல" என்றாள். யார் வந்த நேரம் என்று சொல்லவில்லை, சொல்லத் தேவையும் இல்லை. ஊசி தையல் இயந்திரத்தில் நூலைக் கோத்தாள். ஆறு வருஷமாகப் பிள்ளை இல்லாததற்குக் காரணம் என் தம்பியின் தலைக்குள் இருந்தது. அது எனக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாது.

ஏப்ரல் 13, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

அம்மாவையும் கூட்டிக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனேன். ஊசி பள்ளிச் சீருடைகளுக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். அவன் கட்டிலில் சாய்ந்திருந்தான், வானொலி ஓடிக்கொண்டிருந்தது. அணைத்தேன். ஆன்டிபாடி, மூலக்கூறு என்று ஆரம்பித்தேன், அவன் முகத்தைப் பார்த்து நிறுத்தினேன். பிறகு வேறு மாதிரி சொன்னேன்.

"காலைல ஒரு பஸ் பிதுங்கிக்கிட்டுப் போகுது. படில தொங்கறாங்க. கண்டக்டரால ஒரு அடி நகர முடியல. கடைசி ஸ்டாப்ல பாத்தா பத்து டிக்கெட்தான் போட்டிருக்காரு. அத மட்டும் பாக்கறவங்க என்ன நெனப்பாங்க?"

"வண்டி காலியா வந்துச்சுன்னு நெனப்பாங்க."

"உன் ரத்தத்துல அதாண்டா நடந்துச்சு. தொண்ணூத்திரெண்டுன்னு பாத்துட்டு காலி வண்டின்னு நெனச்சேன். உள்ள பதினெட்டாயிரம் இருந்துச்சு."

அவன் உடனே புரிந்துகொண்டான். என் வகுப்பில் யாரும் இவ்வளவு சீக்கிரம் புரிந்துகொண்டதில்லை.

"செக்கிங் ஏறித் தலைய எண்ணியிருந்தா தெரிஞ்சிருக்கும்" என்றான்.

"ஆமா."

"செக்கிங் நீதானக்கா?"

"நான்தான்."

வலது கண்ணால் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டான்.

ஊசி தையலை மடியில் வைத்தாள். "மாத்திரைலயே போயிருக்குமா அண்ணி?"

"போயிருக்கும்."

"அன்னிக்கு நான் கேட்டேனே."

"கேட்ட."

"போகாது, அளந்து பாத்தாச்சுன்னு சொன்னீங்களே." அவள் குரலை உயர்த்தவே இல்லை. கத்தியிருக்கலாம். எதையாவது என் மேல் வீசியிருக்கலாம்.

மிச்சத்தையும் சொல்லிவிடவேண்டும் என்று, பிள்ளை பிறக்காததற்கும் இதே கட்டிதான் காரணம் என்றேன். அம்மா பக்கம் திரும்பிச் சொன்னேன். "இவகிட்ட ஒரு குறையும் இல்ல. இனிமே அவள ஒரு வார்த்தை சொல்லாத." அம்மா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். ஊசி அம்மாவைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள். "அவரு என்னைத் தொட்டே ரெண்டு வருஷம் ஆச்சு. என்னைப் பிடிக்கலன்னு நெனச்சேன். யார்கிட்டப் போய் இதச் சொல்றது? நீங்க ஒரு வார்த்தை கேட்டிருந்தா நான் சொல்லியிருப்பேன் அண்ணி."

அவனிடம் கேட்க முடியாது என்று விட்டேன். இவளிடம் கேட்டிருக்கலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

"நீங்க போங்க அண்ணி" என்றாள். போனேன்.

ஏப்ரல் 22, செவ்வாய்

நடந்ததை நிறுவனத்துக்கும் எழுதிக் கொடுத்துவிட்டேன். என் ஆய்வகத்தில் இனி நோயாளிகளின் ரத்தத்தைத் தொடக்கூடாது என்றார்கள். எலிகளோடு இருக்கலாமாம். சரிதான்.

மே 6, செவ்வாய்

அம்மா தனியாகப் பேருந்தேறி ஊசியின் வீட்டுக்குப் போய்விட்டு வந்தாள். என்ன பேசினாய் என்றேன். "பொத்தான் தெச்சுக் குடுத்துட்டு வந்தேன்" என்றாள்.

ஜூன் 17, செவ்வாய்

மறு ஸ்கேன். நானும் போனேன், அவனுக்கு இடது பக்கமாகத் தள்ளி நின்றேன். அங்கே நின்றால் அவன் என்னைப் பார்க்கவேண்டியதில்லை.

மிச்சக் கட்டி பாதிக்கு மேல் சுருங்கிவிட்டது. சர்ஜன் படத்தைக் காட்டி, "மருந்து அருமையா வேலை செய்யுது" என்றார். சொன்ன உடனே நாக்கைக் கடித்துக்கொண்டார். வெயிலில் வைத்த வெண்ணெய் மாதிரி கரைகிறது. முழுக் கட்டியும் இப்படித்தான் கரைந்திருக்கும். இதைவிட ஒரு தண்டனை யாரால் கொடுக்க முடியும்?

ஊசி என்னைப் பார்த்து, "அடுத்த செக்கப் தேதி தெரிஞ்சா சொல்லுங்க" என்றாள். அண்ணி என்று சொல்லவில்லை. அவன், "டாக்டரம்மாவுக்கு நேரம் இருந்தா வரட்டும்" என்றான்.

டாக்டரம்மா.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

டிப்போவில் அவனுக்கு வேறு வேலை கொடுத்திருக்கிறார்கள். பேருந்து நிலையத்தில் ஒலிபெருக்கியில் அறிவிக்கும் வேலை. அம்மா சொல்லித்தான் தெரியும்.

வேலை முடிந்து திரும்பும்போது அந்த வழியாகப் போனேன். "நாற்பத்தேழாம் எண் வண்டி மூன்றாவது மேடையிலிருந்து புறப்படத் தயாராக இருக்கிறது." அவன் குரல்தான். பரீட்சைக்கு ஒப்பிக்கிற பிள்ளை மாதிரி எழுத்து எழுத்தாகச் சொன்னான். நடுவில் ஒருமுறை ஒலிபெருக்கியை அணைக்க மறந்து, "யோவ், டீ சொல்லுய்யா" என்றான். நிலையமே சிரித்தது. நானும் தூணுக்குப் பின்னால் நின்று சிரித்தேன். என் வண்டி வந்தது, போனது. அடுத்ததும் போனது. அப்படியே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

செப்டம்பர் 9, செவ்வாய்

மறுபடியும் நிலையத்துக்குப் போனேன். இது நல்லதில்லை. நிறுத்தவேண்டும்.

செப்டம்பர் 11, வியாழன்

போனேன்.

நவம்பர் 18, செவ்வாய்

பரிசோதனை நாள். ஊசிக்குச் சீருடை வேலை கழுத்துவரை இருக்கிறதாம். அம்மாவுக்கு முழங்கால். "நீங்க கூட்டிட்டுப் போங்க" என்று ஊசி போனில் சொன்னாள். சொல்லிவிட்டுக் கொஞ்சம் நின்று, "மாத்திரைச் சீட்ட எடுத்துக்கங்க அண்ணி" என்றாள்.

பேருந்தில் இடம் கிடைத்தது. அவன் ஜன்னல் பக்கம், நான் அவனுக்கு இடப்பக்கம். நிறுத்தம் வருமுன்னே அவனே எழுந்துகொண்டான். வளைவை வைத்தே தெரிகிறது அவனுக்கு. பழைய மாதிரி தோளில் கை போடப் போனேன், போடவில்லை.

ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் எடுக்கிற அம்மா கையில் ரப்பரைக் கட்டினார். நான் வழக்கம்போல் இடது பக்கம், சுவரோரம் நின்றேன். சீட்டில் நீர்க்கவைக்கச் சொல்லி எழுதவில்லை, கட்டிதான் சின்னதாகிவிட்டதே. நான் எதுவும் சொல்வதாக இல்லை. அந்த இடத்தில் வாயைத் திறக்க எனக்கு என்ன உரிமை இருக்கிறது?

அவன்தான் சொன்னான். "நேரா மட்டும் பாக்காதீங்கம்மா. ஒரு துளிய நூறு மடங்கு தண்ணியாக்கியும் பாருங்க. கூட்டம் அதிகமா இருந்தா டிக்கெட் கம்மியாத்தான் தெரியும்."

அந்த அம்மா சிரித்தார். "யாருப்பா இதெல்லாம் சொல்லிக் குடுத்தது?"

"எங்க அக்கா."

ஊசி உள்ளே போனது, அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். திருப்பியது என் பக்கமாக. அவன் இடது கண் என்னை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தது, ஒன்றும் தெரியாமல்.

"அக்கா, அங்கதான நிக்கற?"

"ஆமாண்டா."

"இந்தப் பக்கம் வந்து நில்லு. அங்க நின்னா தெரியல."

சுற்றிக்கொண்டு போய் வலது பக்கம் நின்றேன்.